கட்டுப் போட முடியாத புண்

வாய்க்குள் இருக்கிற புண்ணுக்குக் கட்டுப் போட முடியாது. முழங்காலில் அடிபட்டால் மருந்து தடவித் துணியைச் சுற்றிவிட்டு, தண்ணீர் படாமல் பார்த்துக்கொள் என்று சொல்லிவிடலாம். வாயில் தையல் போட்டிருந்தால் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். குடிக்கிற கஞ்சி தையல் மேலேதான் போயாக வேண்டும். போகிற கஞ்சியில் கொஞ்சம் அங்கேயே தங்கிவிடும். ஈரம் ஆகாது, கை படக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த புத்தி இங்கே உதவாது. இந்தப் புண்ணைக் கழுவிக் கழுவித்தான் ஆற்ற வேண்டும்.

என் தம்பிக்கு ஹிஞ்சவடியில் வேலை, வாகட்டில் ஒரு பிஜி விடுதியில் தங்கியிருந்தான். மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் பூம்கர் சௌக் பக்கம் பைக் சறுக்கி விழுந்தான். ஹெல்மெட் போட்டிருந்தான், ஆனால் அது முகவாயை மூடாத வகை. மண்டை தப்பியது, கீழ்த்தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியதை எதிர்த்து 2019 ஜனவரியில் ஊர்வலமே போன ஊர் புனே. அங்கே ஹெல்மெட் போடுகிற பையனையே நல்லவன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் வண்டி ஓட்டுகிறவர்களிடம் ஒன்று சொல்லத் தோன்றுகிறது: தாடையையும் சேர்த்து மூடுகிற ஹெல்மெட்டை வாங்குங்கள்.

முன்பெல்லாம் தாடை உடைந்தால் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் கட்டி, வாயைத் திறக்கவே விடாமல் ஆறு வாரம் போல வைத்திருப்பார்கள். பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து மாக்சிம் ஷாம்ப்பி 1970களில், கீழ்த்தாடையில் எந்த இடத்தில் சின்னத் தகடு வைத்தால் தாங்கும் என்று கணக்கிட்டுக் காட்டினார். இன்று டைட்டானியம் தகடும் திருகும் வைத்து எலும்பை உள்ளேயே பிடித்துவிடுகிறார்கள். தம்பிக்கும் அப்படித்தான். ஆனால் கடி சரியாக உட்கார வேண்டும் என்பதற்காக, பல் வரிசையை ஒட்டி மேலும் கீழும் ஒரு பட்டையைக் கம்பியால் கட்டி, அதன் கொக்கிகளில் ரப்பர் வளையம் மாட்டி அனுப்பினார்கள். சின்னச் சின்னக் கொக்கிகள், முறுக்கிய கம்பி முனைகள், நடுவே வீங்கிய ஈறு. சோறு சிக்குவதற்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் மாத்திரைக்கு நேரம் இருந்தது, மறுபடி வர வேண்டிய தேதி இருந்தது. அவற்றுக்குக் கீழே ஒரே வரி: வாயைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவும். எப்படி என்று யாரும் காட்டவில்லை. திறக்காத வாய்க்குள் பிரஷ்ஷை எப்படி விடுவது? தையலில் பட்டால் என்ன ஆகும்? ரப்பரைக் கழற்றலாமா, கூடாதா? கேட்பதற்குள் சக்கர நாற்காலி லிஃப்டுக்குள் போய்விட்டது.

அந்த ஒரு வரி எவ்வளவு பெரியது என்பது போகப் போகத்தான் புரிந்தது. பல் இருக்கிற இடத்தில் தாடை உடைந்தால், ஈறும் கிழிந்து உடைப்பு வாய்க்குள் திறந்துகொள்வது சகஜம். வாயில் எப்போதும் குடியிருக்கிற கிருமிகளுக்கு எலும்பு வரைக்கும் வழி கிடைத்த மாதிரி. அங்கே சீழ் பிடித்தால் எலும்பு கூடுவது தள்ளிப்போகும், தகடு தளரலாம், மறுபடி அறுவை மேஜையில் படுக்க வேண்டி வரலாம். நல்ல வாயே கவனிக்காவிட்டால் எவ்வளவு சீக்கிரம் கெடும் என்பதை டென்மார்க்கில் ஆர்ஹுஸ் நகரத்து அரசு பல் மருத்துவக் கல்லூரியில் ஹரால்ட் லோ 1965இல் காட்டியிருக்கிறார். பல் மருத்துவ மாணவர்கள் உட்பட ஆரோக்கியமான 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார். 10 முதல் 21 நாளைக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. எந்தக் காயமும் இல்லாத, வாயை நன்றாகத் திறக்க முடிந்தவர்களின் கதை இது.

தம்பியைக் கஸ்பாட்டே வஸ்தியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்தோம். மதுரையிலிருந்து அம்மா வந்துவிட்டார். முதல் இரண்டு மூன்று நாள் வீக்கம் ஏறிக்கொண்டே போகும் என்று சொல்லியிருந்ததால் அதைப் பார்த்துப் பயப்படவில்லை. இரண்டு தலையணை வைத்துத் தலையைத் தூக்கியே படுக்க வைத்தோம். குமட்டி வாந்தி வந்தால் உடனே ரப்பரை வெட்டிவிடுவதற்காக, கட்டில் கம்பியில் நூல் கட்டிச் சின்னக் கத்தரிக்கோல் ஒன்றைத் தொங்கவிட்டோம். அது கடைசி வரைக்கும் தேவைப்படவில்லை. ஆனால் அது அங்கே தொங்கியதால்தான் அம்மா தூங்கினார்.

வாயைச் சுத்தம் செய்யச் சொல்லித்தந்தவர் முதல் பரிசோதனைக்குப் போனபோது புறநோயாளிப் பிரிவில் இருந்த ஓர் இளம் பயிற்சி மருத்துவர். நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்த்தார். தம்பியை நாற்காலியில் உட்காரவைத்து, குழந்தைகளுக்கான மிருதுவான பிரஷ்ஷை என் கையில் கொடுத்தார். நீங்கள் தேயுங்கள், நான் பார்க்கிறேன் என்று இந்தியில் சொன்னார். உதட்டை ஒரு விரலால் மெதுவாக இழுத்துப் பிடிக்க வேண்டும். தையல் இல்லாத பக்கத்துப் பற்களில் தொடங்க வேண்டும். கம்பிக்கு மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை, பல்லில் மட்டும் படும்படி சின்னச் சின்னதாகத் தேய்க்க வேண்டும். தையல் பக்கம் பிரஷ் போகக் கூடாது. அங்கே தண்ணீர் மட்டும். கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரில் உப்புப் போட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே விட வேண்டும். குனிந்தால் அது தானாக வழிந்துவிடும்; வேகமாகக் கொப்பளித்துத் துப்பக் கூடாது. ரப்பரை அவர்கள் சொல்லாமல் கழற்றவே கூடாது. உள்பக்கம் நாக்கு பார்த்துக்கொள்ளும் என்று சிரித்தார்.

எல்லாம் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதன் பிறகு எங்கள் வீட்டில் யாருக்கும் கை நடுங்கவில்லை.

தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2019 நவம்பரிலிருந்து எங்கள் பகுதி அடங்கிய பிம்ப்ரி சிஞ்ச்வட் மாநகராட்சியில் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். இடைப்பட்ட நாளில் அடுக்ககங்களுக்கு டேங்கர் வரும். எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று தெரியாததை நேராகத் தையல் மேல் விடுவதா? ஒவ்வொரு தடவைக்கும் கொதிக்கவைத்த தண்ணீரையே எடுத்தோம்.

வாய் கழுவும் மருந்தாக 0.2 சதவீதக் குளோர்ஹெக்ஸிடின் எழுதியிருந்தார்கள், காலையும் இரவும். பேஸ்ட் போட்ட உடனே இதை ஊற்றினால் பேஸ்டில் இருக்கிற நுரைப் பொருள் மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும். அரைமணி நேரம் இடைவெளி வேண்டும். நாக்கின் ருசியையும் கொஞ்ச நாளைக்கு மாற்றிவிடும். அம்மா பார்த்துப் பார்த்து வைத்த ரசத்தை வடிகட்டிக் கொடுத்தால், ஒண்ணுமே தெரியலக்கா என்று போனில் தட்டிக் காட்டினான். டீ குடித்தால் பல்லில் பழுப்பு படியும். புனேயில் அம்ருத்துல்யா டீயை விடச் சொல்வது சின்ன விஷயம் இல்லை. அதோடு டப்ரி என்கிற பெட்டிக்கடையில் நின்று பிடிக்கிற சிகரெட்டும் போனது, புகை புண்ணை ஆறவிடாது என்று மருத்துவர் கறாராகச் சொல்லிவிட்டதால்.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள், எல்லாம் பிரியத்தில்தான். வீட்டு வேலைக்கு வருகிற மாவ்ஷி, வறுத்த புகையிலையைப் பொடித்த மிஸ்ரியைத் தினமும் ஈறில் தேய்க்கிறவர். இதில் கொஞ்சம் வைத்தால் வலி போயிடும் என்று டப்பாவை நீட்டினார். புகையிலை புண்ணில் படவே கூடாது என்று அவருக்கு எடுத்துச் சொன்னோம். அம்மாவுக்குப் பல்பொடிமேல் நம்பிக்கை. சொரசொரப்பான எதுவும் தையல் பக்கம் வேண்டாம் என்று அவரையும் நிறுத்தினோம்.

ஒருநாள் காலையில் டார்ச் அடித்துப் பார்த்த அம்மா பதறிவிட்டார். “சீழ் வச்சிருச்சுடீ, வெள்ளையாப் படிஞ்சிருக்கு பாரு” என்று பஞ்சை எடுத்துத் துடைக்கப் போனார். தையல் ஓரத்தில் மஞ்சள் கலந்த வெள்ளையாக ஓர் ஏடு படிந்திருந்தது. வாய்க்குள் ஆறுகிற புண்ணின் மேல் அப்படித்தான் படியும். வெளியே பொருக்கு கட்டுவது போல வாய்க்குள் கட்டாது. அதைச் சுரண்டினால் ரத்தம் வரும், ஆறுவது தள்ளிப்போகும். வீக்கம் வடிந்த பிறகு மறுபடி ஏறுவது, காய்ச்சல், கெட்ட வாடையோடு உப்புக்கரிக்கிற நீர் வழிவது, கடி மாறிவிட்ட மாதிரி தோன்றுவது, இவற்றில் ஏதாவது இருந்தால்தான் உடனே ஓட வேண்டும்.

கேழ்வரகுக் கஞ்சியை வேட்டித் துணியில் வடித்து, சிரிஞ்ச் நுனியில் சின்ன ரப்பர் குழாய் மாட்டி, கடைசிக் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால் இருக்கிற சந்து வழியாக விட்டோம். மேல்வீட்டு காக்கூ நெய் விட்ட வரண் என்கிற பருப்பைத் தண்ணீராகக் கரைத்துக் கொண்டுவந்தார், கூடவே ஒரு சொம்பு தாக், அதாவது மோர். எதைக் கொடுத்தாலும், முடிந்த கையோடு வாயைக் கழுவிவிடுவோம். பால் சேர்ந்தது எதுவும் கம்பியில் ஏடாக ஒட்டிக்கொள்ளும்.

கீழ் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தருகிற நரம்பு கீழ்த்தாடை எலும்புக்குள்ளேயே ஓடுகிறது. அது அடிபட்டு உதடு மரத்துப்போயிருந்தது. கஞ்சி முகவாயில் வழிந்து கழுத்துக்கு வந்தாலும் அவனுக்குத் தெரியாது. பருக்கை ஒட்டியிருக்கிறதா, கம்பி முனை உதட்டைக் கிழிக்கிறதா, எதையும் அவனால் உணர முடியாது. நாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். முனை குத்துகிற இடத்தில் பல் மருத்துவர் கொடுத்த மெழுகை உருட்டி வைத்தோம். ஆரம்பத்தில் அவன் வாயைக் காட்டவே கூச்சப்பட்டான். வாடை வருதுக்கா, தள்ளி நில்லு என்று எழுதினான். இருபத்தாறு வயதுப் பையனுக்கு, அக்கா முன்னால் எச்சில் வழிய உட்கார்வது வலியைவிடக் கஷ்டம். அதற்கு என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை. தொடர்ந்து செய்துகொண்டிருந்ததில் கூச்சம் விட்டுப்போனது.

இப்போது கம்பியும் பட்டையும் எடுத்தாயிற்று. ஈறு ஓரத்தில் லேசான வீக்கம் மட்டும் இருந்தது. பழுப்புக் கறையைப் பல் மருத்துவமனையில் சுத்தம் செய்து விட்டார்கள். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்து, ஒவ்வொன்றாகக் கூட்டி வாயைத் திறந்து பழகுகிறான். மூன்று விரல் செங்குத்தாக நுழைகிற அளவு திறக்க வேண்டும். அவனுக்கு இரண்டு நுழைகிறது. உதட்டின் மரப்பு போக மாதங்கள் ஆகலாம் என்றிருக்கிறார்கள்.

அவனுக்கு இதே ஊரில் அக்கா வீடு இருந்தது. வாகட்டின் பிஜிகளில் ஓர் அறைக்கு மூன்று பேர் என்று தங்கியிருக்கிற பையன்களில் பலருக்கு, ஊரிலிருந்து யாராவது வந்து சேர்வதற்கே இரண்டு நாள் ஆகும். அதுவரை அறை நண்பன்தான் கஞ்சி வாங்கி வருவான். பிரஷ்ஷை எப்படிப் பிடிப்பது என்று அவனுக்கு யார் சொல்வார்கள்? புறநோயாளிப் பிரிவில் எனக்குக் காட்டித்தந்த அந்த மாதிரிப் பயிற்சி மருத்துவர் ஒருவரை, நோயாளியை வீட்டுக்கு அனுப்புகிற நாள் காலையிலேயே மேல்மாடி வார்டுக்கு வரச் சொல்லி, அங்கே நிற்கிற அம்மாவோ அறை நண்பனோ யாராக இருந்தாலும் அவர்கள் கையாலேயே ஒரு தடவை தேய்க்க வைத்து அனுப்ப வேண்டும்.