எப்ப ஊட்டுக்குப் போவலாம்?

1/ "டாக்டரம்மா, பாதிக்கு மேல முடிஞ்சுது. ஒரு பத்து நாள் ஊருக்கு வந்துட்டுப் போயி மீதிய வெச்சுக்கலாங்களா?"

போன வருஷம் மாசி மாசம், ஓ.பி. முடியற நேரத்துல சென்னையிலிருந்து வந்த போன். அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் இந்த த்ரெட். அந்த அக்காவின் அனுமதியோடு, அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன்.

2/ வயது 47. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் வழியில், உள்ளே தள்ளி ஒரு சிற்றூர். புளி சீசனில் புளி தட்டிக் கொட்டை எடுக்கும் வேலை. கூடவே நாலு ஆடு. கணவருக்கு பெங்களூரில் கட்டட வேலை. ஒரே மகள், பத்தாவது. வீட்டில் கண் சரியாகத் தெரியாத மாமியார்.

3/ தீட்டு நின்று ரெண்டு வருஷம் கழித்து மறுபடியும் ரத்தம் பட்டிருக்கிறது. 'உடம்பு சூடு'ன்னு நினைத்து மூணு மாசம் இளநீரும் வெந்தயமும். எங்களிடம் வந்தபோது பார்த்ததுமே எனக்குச் சந்தேகம். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரியில் சதை எடுத்துப் பரிசோதித்ததில் உறுதியானது: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்.

4/ ஆபரேஷன் செய்யும் கட்டம் தாண்டிவிட்டது. ஆனால் குணப்படுத்தக்கூடிய கட்டம்தான். கதிர்வீச்சும், கூடவே வாரம் ஒரு கீமோவும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கிய இடம்.

5/ கிளம்பும்போது நான் சொன்னது: "ரெண்டே மாசந்தாங்க்கா. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்."

இது நான் செய்த தப்பு. நான் எண்ணியது கரன்ட் ஆரம்பிக்கும் நாளிலிருந்து. அவர் எண்ணியது பென்னாகரத்தில் பஸ் ஏறிய நாளிலிருந்து.

6/ நடுவில் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கதிர் எங்கே எவ்வளவு படவேண்டும் என்று திட்டமிடும் வேலை எல்லாம் இருக்கு. அதற்கே ரெண்டு வாரம் போய்விட்டது. அவர் கணக்கில் 14 நாள் கழிந்தாச்சு. சிகிச்சைக் கணக்கில் அது சைபர்.

7/ கதிர்வீச்சை எங்க ஊரில் 'கரன்ட் வைக்கிறது'ன்னு சொல்வோம். ஷாக் எதுவும் அடிக்காது. வெளியிலிருந்து வைப்பது பொதுவாக 25 தடவை. வாரத்தில் அஞ்சு நாள், சனி ஞாயிறு லீவு. ஒரு தடவைக்குச் சில நிமிஷந்தான். மீதி நாள் முழுக்க வாடகை அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். வயிற்றுப்போக்கு, குமட்டல், அசதி. அதுக்கு மேலே ஊர் ஞாபகம்.

8/ அந்த போன் வந்தபோது 25-ல் 17 முடிந்திருந்தது. பத்து நாள் விட்டால் என்ன ஆகும்?

கதிர்வீச்சில் அடிபட்ட புற்றுசெல்களில் பிழைத்தவை, நாள் போகப்போக இன்னும் வேகமாகப் பெருக ஆரம்பிக்கும். இடைவெளி விடுவது அதுகளுக்கு நாமே அவகாசம் கொடுக்கிற மாதிரி.

9/ அதனால்தான் இந்த நோய்க்கு வெளியே வைப்பது, உள்ளே வைப்பது (பிராக்கிதெரபி) எல்லாம் சேர்த்து 8 வாரத்துக்குள், அதாவது 56 நாளுக்குள் முடிக்கப் பார்க்கிறோம். அதைத் தாண்டும் ஒவ்வொரு நாளும், கட்டி அந்த இடத்தில் கட்டுப்படும் வாய்ப்பை அரை முதல் 1 சதவீதம் வரை குறைக்கிறது. இன்னொரு விஷயம்: பாதியில் ஊருக்குப் போகிறவர்களில் சிலர் திரும்புவதே இல்லை.

10/ இதையெல்லாம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அதெல்லாம் சரிங்க. பாப்பாவுக்குப் பரீட்சை வருது. ஆட்டுக்குத் தழை போட ஆளில்ல. குழு லோன் டியூ நிக்குது. நான் இங்க சும்மா குந்திக்கிட்டிருக்கறனே" என்றார்.

நான் செல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

11/ காப்பீட்டு அட்டை இருந்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு. கரன்ட்டையும் கீமோவையும் அது பார்த்துக்கொள்ளும். ஆட்டைப் பார்த்துக்கொள்ளாது. கூட இருக்கும் கணவருக்குப் போகிற கூலியையும் தராது.

12/ அன்று சாயங்காலம் அந்த ஊர் செவிலியர் அக்காவிடம் பேசினேன். மறுநாளே அவர் வீட்டுக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டுக்காரர் ஆடுகளை வாரத்துக்குப் பிடித்துக்கொண்டார். குழுப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு டியூவைக் கட்டினார்கள். சித்தி, பரீட்சை முடியும்வரை வந்து தங்கினாள்.

13/ செவிலியர் அக்காவின் போனில் அந்தப் பொண்ணும் என்னிடம் பேசினாள். "அம்மாவ வர வேணான்னு சொல்லுங்க மேடம். நான் எழுதிக்குவேன்."

அழாமல் சொன்னாள். போனை வைத்துவிட்டு நான்தான் கொஞ்ச நேரம் அடுத்த பேஷன்ட்டைக் கூப்பிடவில்லை.

14/ அவர் வரவில்லை. மீதி 8 தடவையும் வைத்துக்கொண்டார். பிறகு வெள்ளணு குறைந்து, உள்ளே வைக்கும் கரன்ட் சில நாள் தள்ளிப்போனது. "எப்ப ஊட்டுக்குப் போவலாம்?"னு மறுபடி போன். இந்த முறை நான் தேதி சொல்லவில்லை. "ரத்தம் ஏறினதும் வெப்பாங்க. எப்ப வேணா போன் பண்ணுங்க்கா" என்றேன். 56 நாள் முடிய ஒரு நாள் இருக்கும்போது கடைசி சிகிச்சை முடிந்தது.

15/ சித்திரை பிறந்த பிறகு ஊர் வந்தார். பரீட்சை, புளி சீசன் ரெண்டும் முடிந்திருந்தது. மூணு மாசம் காத்திருந்து வந்த வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். "கரன்ட் வெச்ச ஒடம்பு, பேத்திக்கு ஒட்டிக்கும்"னு மாமியாருக்குப் பயம். திட்ட முடியாது. யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

16/ அவரையும் கூட்டிவரச் சொல்லி விளக்கினேன். புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. இவருக்கு வைத்த கரன்ட் உடம்பில் தங்காது, மெஷினை அணைத்ததும் அங்கேயே முடிந்தது. பக்கத்தில் படுக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். "அப்ப களி கிண்டி ஒண்ணா குந்தித் துன்னலாமா?" என்றார். "தாராளமா" என்றேன்.

17/ வெளியூரில் சிகிச்சையில் இருப்பவரின் சொந்தக்காரர்களுக்கு:

• 'எப்ப வருவ?'ன்னு மட்டும் கேட்காதீர்கள். 'இங்க இதை நான் பாத்துக்கறேன்'னு ஏதாவது ஒரு வேலையைச் சொல்லுங்கள்.
• பாதியில் வரச்சொல்லாதீர்கள். காதுகுத்தோ திருவிழாவோ, டாக்டரைக் கேட்காமல் கூடாது.
• ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் நோயாளிக்கு இலவசம், துணைக்கு வருபவருக்குக் கால்பங்குக் கட்டணம். மருத்துவமனைச் சான்றிதழ் வேண்டும். நம்ம பக்கம் மொரப்பூரில் ஏறலாம்.
• வருவதற்கு முன்பே வீட்டில் பெரியவர்களிடம் பேசிவையுங்கள்.

18/ 30 வயது தாண்டிய பெண்களுக்கு கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். தீட்டு நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அது சூடு இல்லை. அன்றைக்கே வாங்க.

19/ மூணு மாச செக்கப்புக்குக் கிளம்பும் முன் அக்கா வந்தார். "மறுபடி தங்கச் சொல்லுவாங்களா?"

இந்த முறை பஸ் ஏறும் நேரத்திலிருந்து எண்ணிச் சொன்னேன். "போக ஒரு ராத்திரி, அங்க ஒரு பகல், வர ஒரு ராத்திரி. வேற ஏதாவது டெஸ்ட் எழுதினா ஒரு நாள் கூட ஆகலாம்க்கா."

விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்பன்னா ஆட்ட யாருகிட்டயும் விட வேண்டியதில்ல" என்றார்.