காந்தம் சொல்லாதது

வட பிரான்சில் ஆமியேன் நகருக்கு அருகே, ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அந்த எஃகுத் தலைக்கவசத்தைக் கண்டேன். பிழைப்புக்காக இந்நாட்டிற்கு வந்து, பழம்பொருள் சேர்க்கும் ஆசையையும் தேடிக்கொண்டவன் நான். விலை பேசுமுன் சட்டைப்பையிலிருந்த சிறு காந்தத்தை அதன் உச்சியில் வைத்தேன், ஒட்டாமல் நழுவிற்று. விளிம்பில் வைத்தேன், 'டக்'கெனப் பற்றிக்கொண்டது. என் உள்ளம் துள்ளியது.

ஜான் பிராடி 1915-இல் உருவாக்கிய பிரித்தானியக் கவசம் அது. ஹேட்ஃபீல்டு 1882-இல் கண்ட எஃகில், நூற்றுக்கு ஏறத்தாழ 12 பங்கு மாங்கனீசு கலந்திருக்கும். அதைக் காந்தம் ஈர்ப்பதில்லை. முதலில் விளிம்பை வெட்டியபடியே விட்டிருந்தார்கள். 1916-இல்தான் மென்னெஃகுப் பட்டை ஒன்றை அதன்மேல் மடித்துப் பொருத்தினார்கள். அந்தப் பட்டையைக் காந்தம் விடாது. (பிரெஞ்சுக்காரரின் ஆட்ரியன் கவசம் முழுவதும் மென்னெஃகு, அதனிடம் இந்தச் சோதனை செல்லாது.)

என் கவசத்தின் முன்புறம் ஒரு படைப்பிரிவின் சின்னம் தீட்டப்பட்டிருந்தது. அதற்காகவே இரட்டிப்பு விலை கொடுத்தேன்.

சில வாரங்களில், எண்பதை எட்டிய ஆங்கிலேயர் ஒருவர் என் வீடு தேடி வந்தார். அவருடைய பாட்டனார் அதே படைப்பிரிவில் சேர்ந்து, 1916-இல் சோம் போர்க்களத்தில் மாண்டவர். கவசத்தை இரு கைகளாலும் ஏந்தி, "இது அவர் தலையில் இருந்ததாகவே இருக்கலாம் அல்லவா, ஐயா?" என்றார். கேட்ட விலையைத் தர அவர் அணியமாய் இருந்தார்.

முந்தின இரவுதான் அச்சின்னத்தை உருப்பெருக்கியில் பார்த்திருந்தேன். பழைய சாயமானால் துரு அதை உடைத்துக்கொண்டு மேலெழுந்திருக்கும். இங்கோ துரு அரித்த குழிகளுக்குள் சாயம் இறங்கிப் படிந்திருந்தது. துருவுக்குப் பின் வந்த சாயம்! மெய்யான கவசத்தின்மேல் யாரோ பொய்ச் சின்னம் வரைந்திருந்தார்கள். காந்தம் எஃகைச் சொல்லும், சாயத்தைச் சொல்லாது.

பேசாதிருந்தால் என் பணம் மீளும்; அவரும் மகிழ்ந்து போவார். இவ்வெண்ணம் எனக்கு வரவில்லை என்று எழுதினால் அதுவும் ஒரு பொய்ச் சின்னமே. உருப்பெருக்கியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

நெடுநேரம் பார்த்தார். தேநீர் ஆறிப்போயிற்று.

"அப்படியானால் கவசம்?"

"அது அந்தப் போரைக் கண்டதுதான், ஐயா. யாருடையது என்று மட்டும் சொல்ல இயலாது."

காந்தத்தைக் கேட்டு வாங்கினார். விளிம்பில் ஒட்டவிட்டு, இழுத்தெடுத்து, மறுபடியும் ஒட்டவிட்டார்.

"சின்னம் இல்லாமல் என்ன விலை?" என்றார்.


பாதி விலையைச் சொன்னேன்.