சந்திரமுகியின் பூர்வீகம்

2023 செப்டெம்பர் 28 அன்று வெளிவந்த ‘சந்திரமுகி 2’ படத்தில் நிசமாகவே பேய் இருக்கிறது. அதுதான் அந்தப் படத்தின் பிழை.

ராகவா லோரன்ஸ், கங்கனா ரனாவத், கீரவாணியின் இசை, முல்லைத்தீவில் பிறந்த சுபாஸ்கரனின் லைக்கா நிறுவனக் காசு. ஒன்றுக்கும் குறைவில்லை. முதல் படத்தின் நாயகன் ரஜினிதான் இல்லை. பழைய முருகேசனாகத் திரும்பி வந்த வடிவேலு, 2005இல் நடுங்கிய அதே அரண்மனையில் மறுபடியும் நடுங்குகிறார், சிரிப்புத்தான் வரவில்லை. கல்முனையில் என்னோடு பார்த்த மச்சான் பாதிப் படத்திலேயே கேட்டார்: “முதல் படத்தில பேயில்ல, வருத்தம் எண்டுதானே சொன்னாங்க?”

நியாயமான கேள்வி. இந்தச் சந்திரமுகி யார், எங்கிருந்து வந்தாள் என்று தேடத் தொடங்கினேன்.

ரஜினி படத்துக்கு முந்தியது 2004இல் கன்னடத்தில் வந்த ‘ஆப்தமித்ரா’. இரண்டையும் இயக்கியவர் பி. வாசு. அதற்கும் முந்தியது 1993இன் மலையாள ‘மணிச்சித்திரத்தாழ்’. இயக்கம் பாசில் (இந்தத் தலைமுறைக்கு ஃபஹத் பாசிலின் வாப்பா என்றால் விளங்கும்), எழுத்து மது முட்டம். ஷோபனாவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம்.

அந்தப் படத்தில் பேயே கிடையாது. பெற்றோர் கல்கத்தாவில் இருக்க, பாட்டியிடம் கதை கேட்டு வளர்ந்த கங்கா, பூட்டிய அறையில் இருந்த நாகவல்லி என்ற நாட்டியக்காரியாகத் தன்னையே நினைத்துக்கொள்கிறாள். நோயைக் கண்டுபிடிப்பவர் மோகன்லாலின் டொக்டர் சன்னி. அதுவரை இன்னசென்டும் பப்புவும் மோகன்லாலும் அடிக்கும் பகிடியில் நாம் மூழ்கியிருப்போம். சந்தேகமெல்லாம் ஸ்ரீதேவி என்ற இன்னொரு பெண்மேல் விழும். பகிடிக்கு அங்கே ஒரு வேலை இருந்தது: கங்காவை மறைப்பது. ‘சந்திரமுகி 2’இல் மறைக்க எதுவுமில்லை, பேய் வெளிப்படையாகவே உலவுகிறது. வடிவேலு பாவம், என்ன செய்வார்?

இன்னொரு வேடிக்கை. மலையாளிகளை நடுங்கவைத்த நாகவல்லி தஞ்சாவூர்க்காரி, தமிழ்தான் பேசுவாள். படப்பிடிப்பின் ஒரு பகுதி நடந்த பத்மநாபபுரம் அரண்மனை இருப்பதும் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில். ஆனால் கதை தமிழுக்கு வந்தபோது அவள் தெலுங்குக்காரி ஆனாள். இந்தி ‘பூல் புலையா’வில் (2007) வங்காளி. எந்த ஊர்க்காரருக்கும் பேய் அடுத்த வீட்டுப் பாஷைதான் பேச வேண்டும் போலும்.

எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது ஒரு கொலை. ஆலப்புழைக்குத் தெற்கே முட்டம் என்ற ஊரில் ஆலும்மூட்டில் என்ற செல்வந்த ஈழவக் குடும்பம். மருமக்கத்தாய வழமைப்படி அங்கே சொத்து சகோதரியின் மகனான மருமகனுக்குப் போக வேண்டும். அதைக் குடும்பத் தலைவர் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைத்தது பகையானது என்கிறார்கள். 1921இல் அவரையும் வீட்டு வேலைக்காரி ஒருத்தியையும் மருமகன் கொன்றான். மது முட்டத்தின் கற்பனைக்கு விதை அந்த வீடு.

இதைப் படித்தபோது எனக்கு அந்நியமாகப் படவில்லை. எங்கள் கிழக்கிலங்கைக் கரையிலும் குடி உம்மா வழியாகத்தான் வரும். வீடு மகளுக்குச் சீதனமாகும், மாப்பிள்ளைதான் அங்கே போய் இருப்பார். வீடு யாருக்கு என்ற பேச்சில் எத்தனை சொந்தம் முறிந்தது என்பதைக் கல்முனையில், சாய்ந்தமருதில், நிந்தவூரில் எவரிடமும் கேட்கலாம். அந்தப் பயத்துக்குப் பேய் தேவையில்லை.

பிறகு வந்தவர்கள் பேயைத்தான் நம்பினார்கள். மூலப்படத்திலேயே சில காட்சிகளை இயக்கிய பிரியதர்ஷன், 2013இல் ‘கீதாஞ்சலி’யில் டொக்டர் சன்னியைத் திரும்ப அழைத்துவந்தார், கதையோ ‘அலோன்’ என்ற தாய்லாந்துப் படத்தின் சாயல். படம் எடுபடவில்லை. ஆனாலும் பேய் வந்தால் வசூல் படுக்கும் என்று சட்டம் போட முடியாது. நிசப் பேயோடு வந்த ‘பூல் புலையா 2’ 2022இல் பணத்தை அள்ளியது.

பாசில் இரண்டாம் பாகம் எடுக்கவே இல்லை. 2024 ஓகஸ்டில் பழைய படத்தையே 4கே தரத்தில் துலக்கித் திரையரங்குக்கு விட்டார்கள்.