கரையும் மலை, காலடியில் வீடு

செம்பூரைத் தாண்டி தென்கிழக்கே போனால் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளின் புகைபோக்கிகளுக்கு அப்பால் எழுந்து நிற்கிறது டிராம்பே மலை. மழைக்காலத்தில் பச்சை, கோடையில் பழுப்பு. உயரம் சுமார் 300 மீட்டர். பொதிகையைப் பார்த்து வளர்ந்த தாராவியின் திருநெல்வேலிக்காரர்களுக்கும், மாதுங்காவில் காபிப் பொடி வாங்க வரும் செம்பூர்வாசிகளுக்கும் இது வெறும் குன்று. ஆனால் வயதில் மும்பையின் மூத்த குடிகளில் ஒன்று.

டைனோசர்கள் அழிந்த காலத்தை ஒட்டி, 6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, பூமி பிளந்து வழிந்த எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்தது. தக்காணத்தின் பெரும்பகுதி அப்படிப் பிறந்ததுதான். மும்பையின் குன்றுகளும் அதே குடும்பம்.

அன்று தொடங்கிய வேலையை மழை இன்னும் நிறுத்தவில்லை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மும்பை மழை, பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. குழம்பு ஆறியபோது விழுந்த விரிசல்களில் நீர் இறங்குகிறது. காற்றின் கரியமில வாயு கரைந்திருப்பதால் மழைநீரில் லேசான அமிலம் உண்டு. அது பாறையின் கனிமங்களை மெல்லத் தின்று களிமண்ணாக்குகிறது. வெங்காயம் போலத் தோல் தோலாக உரிகிறது பாறை. மிஞ்சுவது உருண்டைக் கற்களும் அவற்றைச் சுற்றிய தளர்ந்த மண்ணும்தான். மென்மையான அடுக்கு முதலில் அரிபட, மேலே உள்ள கெட்டி அடுக்கு ஆதாரமின்றி உடைந்து விழுகிறது. மகாராஷ்டிரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை படிக்கட்டுப் படிக்கட்டாகத் தெரிவதன் ரகசியம் இதுவே.

இயற்கைக்கு அவசரமில்லை. நகரத்துக்கு உண்டு. அந்தேரியில் கில்பர்ட் குன்றைச் சுற்றிலும் கல் வெட்டி எடுத்ததில், எஞ்சியது சுமார் 200 அடி உயரக் கரிய தூண். இன்று அடுக்குமாடிகளுக்கு நடுவே தனியாக நிற்கிறது.

மண் மூடிய சரிவுகளில் ஆபத்து வேறு விதம். அடிவாரத்தை வெட்டிச் சமன்செய்தால் சரிவு தன் பிடிமானத்தை இழக்கிறது. வேரால் மண்ணைக் கட்டிவைத்திருந்த மரங்களும் போய்விடுகின்றன. விடாமல் பெய்தால் ஊறிய மண்ணின் எடை கூடுகிறது. உள்ளே நீரின் அழுத்தம் ஏறி, துகள்களின் பிடிப்பு விடுகிறது. தடுப்புச் சுவர் இருந்தாலும், தேங்கிய நீர் வெளியேற வழியில்லையென்றால் காவலே எமனாகிவிடும்.

2000 ஜூலையில் காட்கோபரில் குன்று சரிந்து 60 பேருக்கு மேல் இறந்தனர். 2021 ஜூலை 18 நள்ளிரவு கடந்த நேரம், செம்பூர் வாஷி நாகாவை ஒட்டிய பாரத் நகரில் சரிவிலிருந்த மதில் குடிசைகள் மீது சாய்ந்தது. தூக்கத்திலேயே 19 பேரின் கதை முடிந்தது.

ஒவ்வொரு பருவமழைக்கு முன்பும் சரிவில் வசிப்பவர்களைக் காலி செய்யச் சொல்லி மாநகராட்சி எச்சரிக்கிறது. பிழைப்புக்குப் பக்கத்தில், கட்டுப்படியாகும் வாடகையில் வேறு கூரை கிடைக்காதவர்கள் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். சரிவில் வடிகால் அமைக்கலாம், மரம் வளர்க்கலாம். அபாயமான இடத்தில் இருப்பவர்களுக்குப் பக்கத்திலேயே மாற்று வீடு தரலாம்.

மலை கரைவதை எந்த அரசும் தடுக்க முடியாது. அதன் கீழே படுத்துறங்கும் நிலையை மாற்ற முடியும்.