காக்கப் புகுவோர் கற்கும் முதற்பாடம்

பிறருயிர் துன்புறக் கண்டவிடத்து நெஞ்சம் நெகிழ்தல் மக்கட்கு இயல்பு. அந்நெகிழ்ச்சி ஒன்றனையே பற்றுக்கோடாகக் கொண்டு நீரிற் குதித்தோர், காக்கச் சென்ற உயிரோடு தம்முயிரையும் இழந்தமை குளக்கரைகளிலும் ஆற்றுத்துறைகளிலும் பலகாற் காணப்பட்டதொன்றாம். ஆகலின் இரக்கமுடைமை வேறு, காக்கவல்லராதல் வேறு என்பது தெளியப்படும். முன்னையது உள்ளத்தில் தானே தோன்றுவது; பின்னையது வல்லார்பாற் பணிந்து கற்கப்படுவது. இவ்விரண்டற்கும் இடைப்பட்ட வழி யாது? தேடிக் காக்குந் தொண்டினைக் கூலி கருதாது மேற்கொள்ள விழைவோன் எதனைத் தொடக்கமாகக் கொள்ளற்பாலன்? இஃது ஈண்டு ஆராயப்படும்.

இத்தொண்டு நெடுங்காலம் ஒழுங்குபடப் பயிலப்பட்டு வரும் இடங்களுள் தலையாயது பிரிட்டன், அயர்லாந்து என்னும் நாடுகளின் கடற்கரையாகும். அங்கே மான் தீவின்கண் டக்ளஸ் என்னும் துறைமுகவூரில் வாழ்ந்தவர் ஸர் வில்லியம் ஹில்லரி என்பவர். தம் வீட்டிற்கு அணித்தே கப்பல்கள் பாறையில் மோதி உடைதலையும், அவற்றிலுள்ளார் கரை காணும் தொலைவிலேயே மாய்தலையும் கண்டு ஆற்றாராகி, அவர் 1823-ஆம் ஆண்டில் நாட்டு மக்கட்கு ஒரு விண்ணப்பம் எழுதி வெளியிட்டார். அதன் பயனாக 1824-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 4-ஆம் நாள் இலண்டனில் ஒரு சங்கம் நிறுவப்பட்டது. அதுவே 1854-ஆம் ஆண்டு முதல் இராயல் நாஷனல் லைப்போட் இன்ஸ்டிட்யூஷன் என்னும் பெயரால் வழங்குவது. அன்பர் ஈயும் பொருளே அதற்குப் பெரிதும் ஆதாரம். 230-க்கு மேற்பட்ட படகு நிலையங்கள் அதற்குள. 200 ஆண்டுகளில் அதனாற் காக்கப்பட்ட உயிர்கள் 1,46,000-க்கு மேற்பட்டன என்ப.

விண்ணப்பம் எழுதியதனோடு ஹில்லரி அமைந்தாரல்லர். 1830-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் செயின்ட் ஜார்ஜ் என்னும் அஞ்சற் கப்பல் டக்ளஸ் துறையருகே பாறையிற் சிக்கியபொழுது, ஏறத்தாழ 60 வயதினராகிய அவர், நீந்த அறியாதவராயிருந்தும், தாமே படகேறிச் சென்றார். அலை அவரைக் கடலில் வீழ்த்தியது, மார்பெலும்புகள் முறிந்தன. எனினும் கப்பலிலிருந்தார் அனைவரும் கரைசேர்க்கப்பட்டனர். பிறரை ஏவுதற்குமுன் தாம் செய்து காட்டுதல் என்னும் முறை அச்சங்கத்திற்கு முதல்வரிடத்தே அமைந்ததாம்.

இக்காலத்து அத்தொண்டிற் புகுவோருட் பெரும்பாலார் கடற்றொழிலை முன்னறியாதவர். ஆசிரியரும், கடைகாரரும், தச்சரும், எழுத்தர்களுமாகிய ஆடவரும் மகளிரும் ஊதியமின்றி வந்து சேர்கின்றனர். புதியவனிடத்து முதற்கண் ஆராயப்படுவது வீரமன்று. அவன் நிலையத்திற்கு அணித்தே வாழ்கின்றானா, அழைத்த சில நிமிடங்களில் வந்தடைய வல்லனா, உடல்நலமும் கண்ணொளியும் தக்கனவா என்பனவேயாம். பின்னர் வாரந்தோறும் பயிற்சி நிகழும். கயிற்றுமுடிகள் இடுதலும், கடற்படம் நோக்கித் திசையறிதலும், வானொலியிற் சுருங்கவும் விளங்கவும் பேசுதலும், முதலுதவி செய்தலும் ஒவ்வொன்றாகக் கற்பிக்கப்படும். உண்ணும்பொழுதாயினும் உறங்கும்பொழுதாயினும் அழைப்புக் கருவி ஒலித்தவுடன் எழுந்தோடல் வேண்டும்.

தேடுதல் தானும் ஒரு கலையே. பேரலைகளினிடையே ஒருவன் தலை மிதக்கும் தேங்காயளவே தோன்றும்; கண்டதென்று நினைப்பதற்குள் மறையும். ஆகலின் கண்போனவழிப் படகைச் செலுத்துதல் பயன்படாது. அவன் வீழ்ந்த காலமும் இடமும் கொண்டு, காற்றும் நீரோட்டமும் அவனை எத்திசையில் எவ்வளவு ஈர்த்திருக்கும் எனக் கணித்து, அப்பரப்பை வரிவரியாக வகுத்து, உழுபவன் சாலோட்டுமாறு ஒருவரியும் விடாது தேடல் வேண்டும். கண்டெடுத்த பின்னும் கடமை முடிந்திலது. குளிர்நீரில் நெடும்பொழுது கிடந்தானை நிமிர்த்தித் தூக்கின் குருதியழுத்தம் திடுமெனத் தாழ்ந்து அவன் இறத்தலுங் கூடும். ஆதலால் இயன்றவிடத்துக் கிடையாகவே எடுத்தல் வேண்டும் என்பர். அன்பு மிகுதியால் விரைந்து தூக்கும் கையே கொல்லுங் கையாகாமற் காப்பது கல்வியன்றோ?

இனி, இக்கல்வியின் முதற்பாடம் யாதெனின், காக்கச் செல்வோன் தன்னைக் காத்தல் என்க. இது தன்னலம் போலத் தோன்றும், அன்று. விட்பி என்னும் ஊரில் 1861-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் பெரும்புயல் வீசியது. அவ்வூர்ப் படகினர் அன்றொருநாளிலேயே ஐந்துமுறை சென்று மீண்டு ஆறாமுறை சென்றுழிப் படகு கவிழ்ந்தது. பதின்மூவருட் பன்னிருவர் மாண்டனர். எஞ்சிய ஒருவர் அத்தொண்டிற்குப் புதியராகிய ஹென்றி பிரீமன் என்பவர். அப்பொழுது புதிதாக வந்திருந்த தக்கைச் சட்டையை அவர் முறையாக அணிந்திருந்தார். அங்ஙனம் பிழைத்தவர் அஞ்சி ஒதுங்கினாரல்லர். பின்னும் நெடுங்காலம் அத்தொண்டில் நின்று 300-க்கு மேற்பட்ட உயிர்களைக் காத்தலில் பங்குகொண்டார். அன்று தம்மைக் காத்தமையாலன்றோ பின்னர் அத்துணைப் பேரையும் காத்தார்? இதுபற்றியே இன்று பூல் நகரத்துள்ள அச்சங்கத்தின் கல்லூரியில், செயற்கையாக அலையும் இருளும் உண்டாக்கப்பட்ட நீர்நிலையிற் படகைக் கவிழ்த்து, அதனை நிமிர்த்தி மீளும் வகையைப் புதியவர்க்குப் பயிற்றுகின்றனர்.

அற்றேல், இத்துணைக் கல்வியும் காவலும் உளவாகவும் காக்கச் சென்றோர் மாய்தல் உண்டன்றோ, அவ்வழிக் கல்வியாற் போந்த பயன் என்னை எனின், கூறுதும். கார்ன்வால் நாட்டு மவுஸல் என்னும் சிற்றூரினின்று 1981-ஆம் ஆண்டு டிசம்பர் 19-ஆம் நாளிரவு ஸாலமன் பிரவுன் என்னும் படகு புறப்பட்டது. யூனியன் ஸ்டார் என்னும் கப்பல் பொறி பழுதுற்றுப் பாறைக்கரையை நோக்கி அலைப்புண்டது. அதன்கண் எண்மர் இருந்தனர். மேலிருந்து தூக்க வந்த ஹெலிகாப்டரும் சூறைக்காற்றால் ஒன்றும் செய்யமாட்டாதாயிற்று. படகுத் தலைவர் டிரெவெல்யன் ரிச்சர்ட்ஸ் என்பார் தம்முடன் எழுவரைத் தேர்ந்தார். ஆண்டுத் தந்தையும் மகனுமாக இருவர் வந்து நின்றனர். மகனுக்கு வயது 17. தந்தையை ஏற்ற தலைவர் மகனை ஏற்றாரல்லர். இத்தகைய இரவில் ஒரு குடும்பத்தினின்று இருவரைக் கொண்டு செல்லேன் என மறுத்துவிட்டார். படகினர் நால்வரைக் கப்பலினின்று எடுத்துக்கொண்டமை வானொலியிற் கேட்கப்பட்டது. அதன்பின் ஒலி அவிந்தது. படகினர் எண்மரும் கப்பலினர் எண்மரும் ஒருங்கே மாய்ந்தனர்.

அவ்விளைஞன் கரையில் நின்றமை நோக்கற்பாலது. அவனுக்கு ஆர்வமும் உண்டு, உடல்வலியும் உண்டு, தந்தையோடு செல்லும் விருப்பமும் உண்டு. எனினும் தலைவர் சொல் 'வேண்டா' என்றமையின் நின்றான். அடங்கி நிற்றல் படகேறிச் சேறலினும் அரிது. அவன் அடங்கியமையால் ஒரு தாய்க்கு மகன் எஞ்சினான். பின்னாளில் அந்நிலையத்துக்கு ஒரு படகுத் தலைவனும் எஞ்சினான், அவனே அப்பதவியை ஏற்று அக்கடலிலேயே பிறரைக் காத்தலின். கல்வியின் பயன் இறப்பே நிகழாமை அன்று. இறப்பு நிகழ்ந்தவிடத்தும் தொண்டு அறாமையாம். அக்கொடுநாள் கழிந்து ஒருநாட்பொழுதிற்குள் அவ்வூரார் புதிய படகுக்கூட்டம் ஒன்றற்குப் போதிய அளவினராய் முன்வந்து நின்றனர் என்பதூஉம் இதனை வலியுறுத்தும்.

ஆதலின் இத்தொண்டிற் புக விழைவோன் பெருஞ்செயலை நினைந்து புகற்க. கயிறு சுருட்டுக என்றவழிச் சுருட்டியும், கரையில் நில் என்றவழி நின்றும், படகைக் கடலிலிறக்கும் டிராக்டரைத் துடைக்க என்றவழித் துடைத்தும், 'யான் காப்பேன்' என்னும் முனைப்பு ஒடுங்கும்வரை பயில்க. அலையிடைத் தத்தளிப்போன் தன்னைக் காத்தவர் பெயரைக் கேட்பதிலன்; நீட்டிய கை நடுங்காதிருத்தலொன்றே அவனுக்கு வேண்டுவது. அக்கையைக் கரையில் நின்று பலநாட் பயின்றோரே கடலில் நீட்ட வல்லர்.