ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு துபாஷி

சென்னையில் ஆணி அடிக்காத சுவர் கூட இருக்கலாம். கேபிள் தொங்காத சுவர் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடையாது.

அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் திரும்பினால் வரும் சின்னத் தெரு. மெட்ரோவில் வருகிறவர்கள் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கிப் பொடிநடையாகப் போய்விடலாம். பக்கத்து நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு எல்லாவற்றையும் சேர்த்து ஜனங்கள் 'ரிச்சி ஸ்ட்ரீட்' என்றே சொல்லிவிடுகிறார்கள். (அந்தத் தெருக்களுக்கு இதில் வருத்தம் உண்டா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.) ஒரு காலத்தில் ரேடியோ ஸ்பேர் பார்ட்ஸ். அப்புறம் டி.வி., டேப் ரெக்கார்டர். அப்புறம் கம்ப்யூட்டர். இப்போது செல்போன், சிசிடிவி கேமரா. போர்டு மாறும், பையன் மாறுவான். "இன்னா சார் வேணும்?" என்ற கேள்வி மட்டும் மாறாது. ஞாயிற்றுக்கிழமை போய்விடாதீர்கள். பெரும்பாலான ஷட்டர்கள் மூடியிருக்கும்.

இங்கே இரண்டு வகை ஆசாமிகள் வருகிறார்கள். புதுசு வாங்க வருகிறவர்கள் ஒரு வகை. பழசைப் புதுசோடு சேர்த்துவைக்க வருகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகைக்கு ஒரு மணி நேரம் போதும். இரண்டாவது வகைக்கு ஒரு முழு நாள், இரண்டு டீ, கொஞ்சம் வைராக்கியம் வேண்டும்.

நான் போனது இரண்டாவது வகை ஆசாமி ஒருவரோடு.

அவர் செங்கல்பட்டில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன். வயது அறுபத்தெட்டு. அவர் பீரோவில் நெகடிவ்கள் மட்டும் பதினெட்டு டப்பா. பெரும்பாலும் 120 பிலிம். இரட்டை லென்ஸ் கேமராவை வயிற்றருகே வைத்துக்கொண்டு, குனிந்து பார்த்து எடுப்பார்களே, அந்த ரகம். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். ஒவ்வொன்றுக்கும் நம்பர், தேதி, பெயர் போட்டு லெட்ஜர் வைத்திருக்கிறார். பி.காம். படித்த நான்கூட இவ்வளவு சுத்தமாகக் கணக்கு எழுதியதில்லை.

2000-ல் அவர் ஒரு ஸ்கானர் வாங்கினார். மூடியிலேயே விளக்கு வைத்து நெகடிவைப் படிக்கிற மாடல். சென்ற மாதம் அதோடு இணைந்திருந்த பழைய கம்ப்யூட்டர் கண்ணை மூடிவிட்டது. துபாயில் இருக்கும் மகன் புதுசாக ஒரு மினி கம்ப்யூட்டர் வாங்கி அனுப்பினான். டிபன் பாக்ஸ் சைஸ். மானிட்டர் முதுகில் திருகி மாட்டிவிட்டால் இருக்கும் இடமே தெரியாது.

இந்தக் குட்டி ஜாதி 2005-ல் வந்த ஆப்பிள் மேக் மினியிலேயே பிரபலமாகிவிட்டது. ஆறரை அங்குலச் சதுரம், இரண்டு அங்குல உயரம். 2013 வாக்கில் இன்டெல் அதைவிடச் சுருக்கி, ஏறக்குறைய நாலு அங்குலச் சதுரத்தில் என்யூசி என்று கொண்டுவந்தது. சுருக்கச் சுருக்க என்ன போகும்? வாசல்கள் போகும். யூஎஸ்பி இருக்கும், எச்டிஎம்ஐ இருக்கும், நெட்வொர்க் கேபிளுக்கு ஒரு பொந்து இருக்கும். கார்டு சொருகும் ஸ்லாட் இருக்காது. அண்ணனின் ஸ்கானருக்கோ கார்டு இல்லாமல் கதி இல்லை.

"புது ஸ்கானரே வாங்கிடலாமே அண்ணே" என்றேன்.

"120 பிலிமைப் படிக்கிற புதுசு என்ன விலைன்னு விசாரிச்சிட்டேன் தம்பி. ரெண்டு மாசம் கடையைத் திறந்து வெச்சாலும் அவ்வளவு தேறாது."

அவசரத்துக்கு இரண்டு காரணம். ஒன்று, டப்பாக்களில் சிலதைத் திறந்தால் வினிகர் வாடை. அந்தக் காலத்து அசிடேட் பிலிம், வெயிலும் ஈரக்காற்றும் பட்டால் மெல்ல மெல்ல அசிடிக் அமிலமாக உடையும். வாடை வந்துவிட்டால் வேகமும் கூடும். பிலிம் சுருங்கும், நெளியும், கடைசியில் படமே உரிந்து வந்துவிடும். செங்கல்பட்டு வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று, ஒரு பெண்மணி. பக்கத்துக் கிராமம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அவர் வீட்டு ஆல்பம் முழுசும் போய்விட்டது. அப்பாவின் முகம் என்று சொல்ல ஒரு படம்கூட மிச்சமில்லை. "உங்க கடையிலதான் 87-ல எடுத்தது" என்று வந்து நின்றார். அண்ணன் லெட்ஜரைப் புரட்டினார். நம்பர் இருந்தது. நெகடிவும் இருந்தது. படிக்கத்தான் வழியில்லை.

ஆக, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஸ்கானரைப் போர்வையில் சுற்றி மின்சார ரயிலில் ஏறினோம். கிளம்புமுன் அண்ணன் ஒரு காரியம் செய்தார். ஸ்கானரில் ஒரு சின்னப் பூட்டு இருக்கும். உள்ளே ஓடும் விளக்குப் பகுதி குலுங்காமல் இருப்பதற்கு. அதைப் பூட்டினார். பிள்ளையைத் தூக்குவது மாதிரி மடியில் வைத்துக்கொண்டார். பார்க் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ.

முதல் கடை. கண்ணாடி, ஏ.சி., வரிசையாக மினி கம்ப்யூட்டர்கள். கவுன்ட்டர் பையன் ஸ்கானரின் பின்புறத்தை எட்டிப் பார்த்தான். இருபத்தைந்து ஓட்டை உள்ள வாய்.

"பழைய பிரிண்டர் போர்ட் ப்ரோ. யூஎஸ்பி கன்வெர்ட்டர் கேபிள் இருக்கு."

கொடுத்தான். அண்ணன் வாங்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அது பிரிண்டர் போர்ட் இல்லை. பார்க்க அதே இருபத்தைந்து பின்தான். ஆனால் ஸ்கஸி! எஸ்.சி.எஸ்.ஐ. என்ற நாலெழுத்தை அப்படித்தான் உச்சரிக்க வேண்டும். 1986-ல் அமெரிக்கத் தர அமைப்பு அங்கீகரித்த இணைப்பு முறை. ஒரே கம்பித் தொடரில் எட்டுப் பேர் வரை உட்காரலாம். 0 முதல் 7 வரை ஆளுக்கொரு நம்பர். வரிசையின் இரண்டு முனைகளிலும் டெர்மினேட்டர் என்ற அடைப்பு இருக்க வேண்டும். (அர்னால்டு அல்ல.) இந்த வாயில் பிரிண்டர் கேபிளைச் சொருகினால் யாராவது ஒரு பக்கத்து போர்டு பொசுங்கலாம்.

நிஜமான பிரிண்டர் போர்ட் ஸ்கானராக இருந்திருந்தாலும் அந்தக் கேபிள் உதவாது. அதற்குத் தெரிந்தது பிரிண்டரோடு பேச மட்டும்தான். ஸ்கானர் எதிர்பார்க்கும் கொடுக்கல் வாங்கல் அதற்குப் புரியாது.

இரண்டாவது கடை. "யூஎஸ்பி டு ஸ்கஸியா? வந்துச்சு சார், 2000 வாக்குல. இப்ப கிடைச்சாலும் அதுக்கு டிரைவர் யாரு போடறது?" நேர்மையான மனிதர். விற்பதற்கு ஒன்றுமில்லை என்று சொல்ல ரிச்சி ஸ்ட்ரீட்டில் தனி தைரியம் வேண்டும்.

மூன்றாவது கடை வாசலில் ஒருவர் ஸ்கானரைக் கையில் தூக்கிப் பார்த்தார். எடை பார்த்தார் என்று அப்புறம்தான் புரிந்தது. "நூத்தம்பது தரேன்." அண்ணன் முகம் போன போக்கைப் பார்த்து, "சரி, இருநூறு" என்றார்.

பக்கத்திலிருந்த டீக்கடைக்காரர்தான் வழி சொன்னார். "நரசிங்கபுரம் தெருவுல மாடியில ஒரு பாய் இருக்காரு. டிடிபி சென்டருங்க இருந்த காலத்து ஆளு."

மாடிப்படி ஒரு ஆள் அகலம். மேலே ஒரு ட்யூப் லைட், ஒரு மேஜை, நாலு சுவரும் கார்டு. பாய்க்கு அறுபது வயதிருக்கும். ஸ்கானரை வாங்கி, பின்புறம் பார்த்தார். சிரித்தார். பழைய வகுப்புத் தோழனைப் பார்த்த சிரிப்பு.

"ஸ்கானருக்கு ஒண்ணும் ஆகலை அண்ணே. உங்க புது மிஷினும் நல்ல மிஷின்தான். இவரு பேசறது அவருக்குப் புரியாது. நடுவுல ஒரு துபாஷி போட்டா முடிஞ்சுது."

துபாஷி! எத்தனை நாளாயிற்று அந்த வார்த்தையைக் கேட்டு! கும்பெனிக்காரன் காலத்தில் வெள்ளைக்காரனுக்கும் நம்மவருக்கும் நடுவே நின்று இரு பாஷையும் பேசியவர். புதுச்சேரியில் டூப்ளேக்கு ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக இருந்தாரே, அந்த உத்தியோகம். அதைத்தான் பாய் ஒரு பழைய கம்ப்யூட்டருக்குக் கொடுக்கப் போகிறார்.

மேஜை அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தார். 2008 வாக்கில் வந்த கோர் 2 டுவோ. உள்ளே வெள்ளை நிறத்தில் பிசிஐ ஸ்லாட். அதில் ஒரு ஸ்கஸி கார்டைச் சொருகினார். விண்டோஸ் போடவில்லை. லினக்ஸ் போட்டார். புதிய விண்டோஸ் 64 பிட் ரகம். பழைய 32 பிட் டிரைவரைக் கிட்டவே சேர்க்காது. லினக்ஸில் சேன் என்று ஒரு இலவச மென்பொருள். கம்பெனிகள் கைகழுவிய பல ஸ்கானர்களின் பாஷையை யார் யாரோ உட்கார்ந்து எழுதி அதில் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

"முதல்ல ஸ்கானரைப் போடணும். அப்புறம்தான் கம்ப்யூட்டர். மாத்திப் போட்டா கார்டு இவரைப் பார்க்காமலே போயிடும்" என்றார் பாய். பெரியவரை முதலில் எழுப்பிவிட்டுத்தான் மற்றவர்களை எழுப்ப வேண்டும். எங்கள் வீட்டிலும் அதே சட்டம்தான்.

பூட்டைத் திறந்து, ஸ்கானரை ஆன் செய்தார். விளக்கு சூடாக ஒரு நிமிஷம். அப்புறம் கம்ப்யூட்டர். திரையில் ஸ்கானரின் பெயர் வந்தது. ஒரு நெட்வொர்க் கேபிளை எடுத்து, ஒரு முனை துபாஷிக்கு, இன்னொரு முனை அண்ணனின் டிபன் பாக்ஸுக்கு. ஸ்கானர் படிக்கும், துபாஷி வாங்கி ஒரு பொது போல்டரில் போடும், அதைப் புது மிஷின் எடுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் ஏற்பாடு.

"ஏதாச்சும் வெச்சுப் பாருங்க அண்ணே."

அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்தார். அந்தப் பெண்மணி கேட்ட நெகடிவ். கையோடு கொண்டுவந்திருக்கிறார், மனுஷன்.

120 பிலிம் நெகடிவ் ஒன்று சுமார் 2.2 அங்குலச் சதுரம். அங்குலத்துக்கு 1,200 புள்ளி என்று படித்தால், ஒரு பக்கத்துக்கு 2,640 புள்ளி. மொத்தம் ஏறக்குறைய எழுபது லட்சம். எட்டங்குல பிரிண்ட் தாராளமாகப் போடலாம். இதெல்லாம் நான் மனசுக்குள் போட்ட கணக்கு. கறுப்பு வெள்ளை என்பதால் நிறத்தைத் தலைகீழாக்கினால் போதும். கலர் நெகடிவ் என்றால் அதன் ஆரஞ்சுச் சாயலைக் கழிக்கிற வேலை வேறு இருக்கும்.

உள்ளே விளக்கு ஊர்ந்தது. 'க்ர்ர்ர்' என்று ஒரு சத்தம். திரையில் மேலிருந்து கீழாக, கோடு கோடாக இறங்கியது. முதலில் திரைச்சீலை. அப்புறம் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. நெற்றியில் விபூதி. கண். மீசை. மேல் பட்டன் போட்ட வெள்ளைச் சட்டை.

யாரும் பேசவில்லை. மின்விசிறி மட்டும் சுற்றியது. அண்ணன் தன் போனில் திரையைப் படம் பிடித்து அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்மணியே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டார் அண்ணன். மறுமுனையில் சத்தமே இல்லை. அப்புறம், "மீசை இருந்ததே மறந்துபோச்சுண்ணே" என்றார்.

கணக்கு: துபாஷி 2,800 ரூபாய். ஸ்கஸி கார்டு 700. கேபிள்கள் 350. ஆக 3,850. பாய் கூலி என்று தனியாக எதுவும் கேட்கவில்லை. அண்ணன் வற்புறுத்தி ஐந்நூறு வைத்தார். தேய்மானம் போட்டுப் போட்டு அந்த ஸ்கானர் கணக்குப் புத்தகத்தில் என்றோ பூஜ்யமாகியிருக்கும். பதினெட்டு டப்பா முகங்களை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எங்கள் பி.காம். சிலபஸில் சொல்லித் தரவில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு ஸ்கானர் தூங்குகிறதா? எடைக்குப் போடுமுன் பின்புறத்தைப் பாருங்கள்.

* யூஎஸ்பி வாய் என்றால் அதிர்ஷ்டம். பிரச்னை பெரும்பாலும் டிரைவர் மட்டுமே. சேன் ஆதரிக்கும் பட்டியலில் உங்கள் மாடல் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸே வேண்டும் என்றால் வியூஸ்கான் என்ற மென்பொருள் உண்டு. காசு கொடுக்க வேண்டும். வாங்குமுன் இலவசமாகச் சோதித்துப் பாருங்கள்.

* நிஜமான பிரிண்டர் போர்ட் என்றால், அதே போர்ட் உள்ள பழைய கம்ப்யூட்டர் வேண்டும். கன்வெர்ட்டர் கேபிளுக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

* ஸ்கஸி என்றால், பிசிஐ ஸ்லாட் உள்ள பழைய மிஷின், ஒரு கார்டு, ஒரு துபாஷி. இருபத்தைந்து பின் வாயைப் பார்த்து மயங்காதீர்கள். ஸ்கானரின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

* எதுவானாலும், தூக்குமுன் பூட்டுங்கள். போடுமுன் திறங்கள்.

படியிறங்கும்போது எதிரே ஒருவன் ஏறி வந்தான். முதல் கடை கவுன்ட்டர் பையன்தான். எப்படியோ விஷயம் காதுக்குப் போயிருக்கிறது. "ஓடிச்சா ப்ரோ?" என்றான். ஓடியது என்றோம். எங்களை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு மேலே போனான்.

"பாய், அந்த கார்டு இன்னொண்ணு இருக்கா? எப்படிப் போடறதுன்னு காட்டுறீங்களா?" என்று கேட்டது காதில் விழுந்தது.