எப்போ திரும்பக் கூப்பிடணும்?

மேஸ்திரி செத்துப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே முக்கால் மணிக்கு. நான் அப்போது விழுப்புரத்தில், காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில், கடைசிக்கு முந்தின பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

பதறாதீர்கள். மேஸ்திரி மனிதர் இல்லை. என் போனில் இருக்கும் ஒரு கேமில் வருகிற ஆள். கேமின் பெயர் ஃபால்அவுட் ஷெல்டர். 2015-ல் பெதஸ்டா கம்பெனி விட்டது. இன்றைய கணக்கில் அரதப்பழசு. ஆனால் இலவசம், நெட் இல்லாமலும் ஓடும், என் ஓட்டை போனிலும் ஓடும். திண்டிவனத்திலிருந்து தினமும் காலை பாசஞ்சர் பிடித்து மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நின்று நின்று விழுப்புரம் போகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கதை இதுதான். அணுகுண்டுப் போர் முடிந்த அமெரிக்கா. பூமிக்கு அடியில் ஒரு பதுங்கு குழி. அதற்கு வால்ட் என்று பெயர். அங்கே இருக்கிற சனங்களுக்குத் தண்ணீர், சாப்பாடு, கரண்ட் மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டியது நீங்கள். நல்ல துப்பாக்கி, நல்ல சட்டை எல்லாம் வேண்டுமென்றால் யாராவது ஒருவரை வெளியே பாழ்நிலத்துக்கு அனுப்ப வேண்டும். நான் அனுப்பியவர்தான் மேஸ்திரி. எந்த வேலை கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் செய்ததால் அந்தப் பெயரை வைத்தேன்.

வெளியே போனவர் நீங்கள் கேமை மூடி வைத்தாலும் நடந்துகொண்டே இருப்பார். நிஜ நேரத்தில். வழியில் கிடைத்தது, கடித்தது, அடித்தது எல்லாவற்றையும் டைரி மாதிரி எழுதிக்கொண்டே போவார். காயத்துக்கு ஸ்டிம்பேக், கதிர்வீச்சுக்கு ராட்அவே. இரண்டிலும் ஆளுக்கு 25 வரை கொடுத்து அனுப்பலாம். அதற்கு மேல் முடியாது.

மற்ற கேம்களில் மிஷன் என்றால் நாலு மணி நேரம், எட்டு மணி நேரம் என்று அவனே போட்டிருப்பான். மணி அடித்தால் முடிந்தது. இதில் அது கிடையாது. நீங்கள் ‘திரும்பி வா’ என்று அழுத்துகிற வரைக்கும் போய்க்கொண்டே இருப்பார். அழுத்தாவிட்டால் ஒரு கட்டத்தில் செத்துப் போவார். எப்போது முடிப்பது என்பதுதான் இந்த விளையாட்டில் விளையாட்டே.

இன்னொரு விதியும் உண்டு. எவ்வளவு நேரம் போனாரோ, அதில் பாதி நேரம் திரும்பி வர ஆகும். பன்னிரண்டு மணி நேரம் போனவர் வீடு வந்து சேர ஆறு மணி நேரம். ஆனால் திரும்பி வரும் வழியில் ஆபத்து ஒன்றும் கிடையாது. கூப்பிட்ட நிமிஷமே பிழைத்துவிட்டார் என்று அர்த்தம்.

சரி, மேஸ்திரி கதைக்கு வருகிறேன். திங்கள் ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு அனுப்பினேன். காலையில் ரயிலில் பார்த்தபோது கையில் ஆறு ஸ்டிம்பேக் பாக்கி. ‘இன்னும் கொஞ்சம் போகட்டும், இப்பத்தான் நல்ல சாமான் கிடைக்க ஆரம்பிச்சிருக்கு’ என்று விட்டேன். பத்தே முக்காலுக்கு வகுப்பு மாறும் இடைவெளியில் பார்த்தேன். இரண்டு. இப்போதாவது கூப்பிட்டிருக்க வேண்டும். என் மனதில் ஓடியது என்ன தெரியுமா? ‘பதிமூணு மணி நேரம் நடந்துட்டான். ஒரு நல்ல துப்பாக்கிகூட எடுக்காம வந்தா இவ்ளோ நேரமும் வேஸ்ட்டு.’ போனைப் பையில் போட்டேன்.

வகுப்பு முடிந்து எடுத்தால் ஆள் காலி. காசு கட்டினால் உயிர் கொடுக்கலாம். முந்தின நாள்தான் புது அறை கட்டுகிறேன் என்று இருந்த மூடிகளையெல்லாம் (அந்த ஊரில் பாட்டில் மூடிதான் பணம்) கரைத்திருந்தேன். மேஸ்திரியும் போனார், அவர் சேர்த்து வைத்திருந்த சாமானும் போனது.

இதில் கூத்து என்னவென்றால் நான் படிப்பது பி.காம். மூழ்கிய செலவு என்று ஐந்து மார்க் கேள்விக்கு மனப்பாடமாக எழுதுவேன். ‘ஏற்கெனவே செய்துவிட்ட, திரும்பப் பெற முடியாத செலவு, அடுத்த முடிவை எடுக்கும்போது இதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.’ எழுதினேன், மார்க்கும் வாங்கினேன். கையில் போன் இருந்தபோது நினைவுக்கு வரவில்லை.

எனக்கு மட்டும் இந்த வியாதி இல்லை என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதல். ஆர்க்ஸ், புளூமர் என்ற இரண்டு உளவியல்காரர்கள் 1985-ல் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார்கள். அமெரிக்காவில் ஒஹாயோ பல்கலைக்கழக நாடக அரங்கில் சீசன் டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலை 15 டாலருக்கே கொடுத்தார்கள். சிலருக்கு 2 டாலர் தள்ளுபடி, சிலருக்கு 7 டாலர். யாருக்கு எது என்பது குலுக்கல் மாதிரி. சீசனின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தது முழு விலை கொடுத்தவர்கள்தான். நாடகம் எல்லோருக்கும் அதே நாடகம். காசு போயிருக்கிறதே என்ற ஒரே காரணத்துக்காக வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

மேஸ்திரிக்குப் பிறகு ஏழெட்டு பேரை அனுப்பி, சிலரைச் சாகடித்து, ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியே தப்பு. ‘இன்னும் ஒரு மணி நேரம் தாங்குவாரா?’ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டியது, ‘நான் அடுத்து போனைப் பார்க்கிற வரைக்கும் தாங்குவாரா?’ என்பது. வகுப்பு ஒரு மணி நேரம், தூக்கம் ஏழு மணி நேரம். அந்த நேரத்தில் முடிவு என் கையில் இல்லை. ஆகவே முடிவு என் கையில் இருக்கிற கடைசி நிமிஷம் எதுவோ, அதுதான் கூப்பிட வேண்டிய நேரம். அவர் உடம்பில் இன்னும் தெம்பு இருந்தாலும் சரி.

இதைக் கண்டுபிடித்துவிட்டு நான் பெரிய ஆள் மாதிரி திரிந்துகொண்டிருந்தேன். ஆனால் இதே பாடத்தை எங்கப்பா ஏற்கெனவே எனக்கு நடத்தியிருக்கிறார், எனக்குத்தான் அப்போது ஏறவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

அப்பா திண்டிவனத்தில் டாடா ஏஸ் ஓட்டுகிறார். சொந்த வண்டி, டியூ இன்னும் முடியவில்லை. 2024 நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் கரையேறிய நாள். காலையிலிருந்தே மழை. விழுப்புரத்தில் ஒரு கடைக்கு அரிசி மூட்டை இறக்க வேண்டும், முந்தின நாளே ஏற்றியாகிவிட்டது. கல்லூரி லீவு, அதனால் தார்ப்பாய் கட்ட நானும் கூடப் போனேன்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மழையில் ஊர்ந்து ஊர்ந்து கூட்டேரிப்பட்டு வந்தோம். மயிலம் போகிறவர்கள் பிரிகிற இடம். மூன்றில் ஒரு பங்கு வழி வந்திருப்போம். அப்பா வண்டியை ஓரம் கட்டினார். ஒரு டீ குடித்தார். ரோட்டையும் வானத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அப்புறம், “வீட்டுக்குப் போலாம்டா” என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “இவ்ளோ தூரம் வந்துட்டோமேப்பா. டீசல் வேற போட்டாச்சு. இன்னும் கொஞ்ச தூரம்தானே?”

“வந்தது வந்தாச்சு. இங்க திரும்பிக்கலாம். இதுக்கு மேல போய் மாட்டிக்கினா திரும்பறது நம்ம கையில இல்ல.”

அவ்வளவுதான். கடைக்காரருக்கு போன் செய்தார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் எனக்கே கேட்டது. அப்பா “சரிங்க, சரிங்க” என்று மட்டும் சொன்னார். வழி முழுக்க நான் உம்மென்று வந்தேன்.

அன்றைக்கு ராத்திரி நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். புயல் புதுச்சேரி பக்கம் கரையேறி, அங்கேயே மணிக்கணக்கில் நகராமல் நின்றது. மறுநாள் காலை வரைக்கும் மயிலத்தில் பெய்தது ஏறக்குறைய அரை மீட்டர் மழை. டிசம்பர் 2-ம் தேதி விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்களை நிறுத்தினார்கள். நான் தினமும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கேம் ஆடிக்கொண்டே கடக்கிற பாலம் அது.

‘ஆக, அப்பா சொன்னதுதான் சரி’ என்று இங்கே முடித்துவிட்டால் நன்றாக இருக்கும். ஆனால் உண்மை அப்படி முடியவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் விழுப்புரம் போய் லோடு இறக்கிவிட்டு வந்த வண்டிகளும் உண்டு. அப்பாவுக்குத் தெரிந்த ஒருவரே போய் வந்தார். அந்தக் கடைக்காரர் அதற்கப்புறம் எங்களுக்கு லோடு கொடுப்பதில்லை. மாதம் நாலு நடை போச்சு. நாங்கள் போயிருந்தாலும் ஒன்றும் ஆகாமல் திரும்பியிருக்கலாம். தெரியாது. தெரியவும் போவதில்லை.

எனக்கு இதுதான் இப்போது முக்கியமாகப் படுகிறது. ஓவராகப் போய்விட்டால் தப்பு என்று உடனே தெரிந்துவிடும், ஆள் செத்துக் கிடப்பார். சரியான நேரத்தில் திரும்பினால் அது சரிதான் என்று எந்த அத்தாட்சியும் கிடைக்காது. மேஸ்திரியைப் பத்தே முக்காலுக்குக் கூப்பிட்டிருந்தால், ‘இன்னும் பத்து நிமிஷம் விட்டிருந்தா சூப்பர் துப்பாக்கி கிடைச்சிருக்குமோ’ என்று புலம்பிக்கொண்டுதான் இருந்திருப்பேன். திரும்பி வந்தவர்களுக்குக் கிடைப்பது இந்தப் புலம்பல் மட்டும்தான். அதனால்தான் திரும்ப மனசு வருவதில்லை.

எவரெஸ்ட் ஏறுகிறவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கிளம்புவதற்கு முன்பே ஒரு நேரம் குறித்துக்கொள்வார்கள். மதியம் ஒரு மணி, இரண்டு மணி என்று. அதற்குள் உச்சி வரவில்லையென்றால், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும். 1996 மே 10 அன்று பலர் அந்த நேரம் தாண்டியும் ஏறிக்கொண்டே போனார்கள். இறங்கும்போது புயல் பிடித்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். உச்சிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு யோசித்தால் யாருக்கும் திரும்பத் தோன்றாது. கீழே இருக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும்.

இதெல்லாம் எதற்கு இவ்வளவு நீட்டி முழக்குகிறேன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நான் சி.ஏ. ஃபவுண்டேஷன் இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் போய்விட்டது. நாலு பேப்பர், ஒவ்வொன்றிலும் 40 சதவீதம், மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். அதாவது 400-க்கு 200. முதல் முறை 151. இரண்டாவது முறை 172. வகுப்பில் சில பேருக்கு மட்டும் தெரியும், இப்போது எல்லோருக்கும் தெரியும் :-)

2024-லிருந்து இந்தப் பரீட்சை வருஷத்துக்கு மூன்று தடவை வருகிறது. நல்லதுதான். ஆனால் எனக்கு இது அந்தப் பாழ்நிலம் மாதிரியே தெரிகிறது. முடிகிற மணி சீக்கிரத்தில் அடிக்காது. நாலு மாசத்துக்கு ஒரு தடவை ‘இன்னும் ஒரு தடவை’ என்று சொல்லிக்கொண்டே வருஷக்கணக்கில் போய்விடலாம். ‘இவ்ளோ படிச்சாச்சே, இவ்ளோ ஃபீஸ் கட்டியாச்சே’ என்ற சமாதானம் எப்போதும் கையிருப்பில் இருக்கும்.

அதனால் போன வாரம் ஒரு காரியம் செய்தேன். வீட்டில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரின் அட்டைக்குப் பின்னால் எழுதி வைத்தேன். ‘இன்னும் ஒரே முறை. 190-க்குக் கீழே வந்தால் நிறுத்திவிட வேண்டும். 190-க்கு மேலே 200-க்குக் கீழே என்றால் மட்டும் இன்னொரு முறை. அதோடு சரி.’ எம்.காம். அட்மிஷன் முடிவதற்குள் ரிசல்ட் வந்துவிடும். முடிவு என் கையில் இருக்கிற கடைசி நிமிஷம் அதுதான். 190 என்பது சரியான எண்ணா என்று தெரியாது. 185 ஆகவும் இருக்கலாம். ஆனால் ரிசல்ட் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தால் எனக்கு எந்த எண்ணும் சரியாகத் தெரியாது, அது நிச்சயம்.

அப்பாவிடம் காட்டினேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், “189 வந்தா இன்னா பண்ணுவ?” என்று கேட்டார்.

“நிறுத்திடுவேன்பா.”

“அழுவ.”

“அழுவேன்.”

“சரி” என்று சொல்லி அட்டையைத் திருப்பி ஆணியில் மாட்டினார்.

பின்குறிப்பு: இப்போது வெளியே போயிருப்பவர் மேஸ்திரி இரண்டாம் நம்பர். ஒன்பது மணி நேரம் ஆச்சு, பதினோரு ஸ்டிம்பேக் பாக்கி. எனக்குத் தூக்கம் வருகிறது. கூப்பிட்டுவிட்டேன்.